ஒரு ஆள் இழுப்புக்குத்தான் செயின் பிளாக்

கையால் சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவிதான் செயின் பிளாக். ஒரு டன், இரண்டு டன், மூன்று டன் என எந்தச் செயின் பிளாக்கை எடுத்தாலும், அதன் முழுத் திறனுக்கும் ஒரே ஆளின் இழுப்பு போதும். அப்படித்தான் அதன் பற்சக்கரங்களைக் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். கைச்சங்கிலியில் சுமார் 30, 40 கிலோ இழுப்பு விழுந்தால் கீழ்க் கொக்கியில் டன் கணக்கில் எழும்பும். ஒருவர் காலை ஊன்றி இழுத்தும் சுமை அசையவில்லை என்றால், நம் பட்டறைகளில் முதலில் வரும் பேச்சு "இன்னொரு ஆளைக் கூப்பிடு" என்பதுதான். நான் எழுதப் போவதில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த இரண்டாவது ஆளைக் கூப்பிடாதீர்கள்.

கோயம்புத்தூரில் முதலில் ஸ்பின்னிங் மில்லிலும் பிறகு ஃபவுண்டரியிலும் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். இப்போது சிறு பட்டறைகளுக்குப் போய், தூக்கும் சாமான்களைப் பார்த்துக் கொடுத்து, வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கிரேன் உள்ள பெரிய கம்பெனிகளில் பயிற்சி உண்டு, ஆள் உண்டு, காகிதம் உண்டு. ஒரு கெர்டரும் (இரும்பு உத்தரம்) ஒரு செயின் பிளாக்குமாக வேலை நடக்கும் இடங்களில்தான் யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இழுப்பு கனக்கிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். எடை பிளாக்கின் திறனுக்கு மேல் இருக்கலாம். சுமை எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது பிளாக்கே கெட்டிருக்கலாம். மூன்றுக்கும் இரண்டாவது ஆள் மருந்தல்ல. ஒரு பட்டறையில் கியர் பாக்ஸை அது உட்காரும் அடிச்சட்டமான பெட்டிலிருந்து எடுக்க ஹெல்ப்பர் இழுத்துக்கொண்டிருந்தான். சங்கிலி கம்பி மாதிரி விறைத்து நின்றது, பாக்ஸ் எழவில்லை. "அண்ணா, இன்னொருத்தனக் கூப்புடட்டுங்ளா?" என்றான். "சங்கிலிய விடு தம்பி, கீழ பாரு" என்றேன். நான்கு ஃபவுண்டேஷன் போல்ட்டும் கழற்றியாகிவிட்டது. ஆனால் பெட்டோடு சேர்த்து அடித்திருந்த டவல் பின் (இடம் மாறாமல் பிடிக்கும் முளை) இரண்டும் பெயின்ட்டுக்கும் கிரீஸுக்கும் அடியில் மறைந்திருந்தன. இரண்டு பேர் சேர்ந்து இழுத்திருந்தால் பின் ஒரே நொடியில் பிய்த்துக்கொண்டு வந்து, பாக்ஸ் மேலே குதித்து, அதைக் கட்டியிருந்த பெல்ட்டுக்கு அதிர்ச்சி கொடுத்திருக்கும். அந்த நொடியில் சங்கிலியில் விழும் பாரம் பாக்ஸின் எடையைவிட எவ்வளவோ அதிகம்.

தூக்குவதற்கு முன்னால் சுமையைச் சுற்றி ஒருமுறை முழுதாக நடந்து பார்க்க வேண்டும். போல்ட், டவல் பின், பைப் லைன், கேபிள், எர்த் பட்டை, கிரவுட்டில் (மெஷினுக்கு அடியில் ஊற்றிய சிமென்ட் கலவை) ஒட்டிய அடிப்பக்கம், எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. கிரவுட்டில் உட்கார்ந்த மெஷினைச் செயின் பிளாக்கால் பிய்க்காதீர்கள். கடப்பாரையோ ஜாக்கியோ வைத்து நெம்பி, தரையை விட்டு விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகு தூக்குங்கள். பிளாக் தூக்குவதற்கு. பிடுங்குவதற்கு ஜாக்கி இருக்கிறது.

அடுத்தது எடை. "ஒரு டன்னுக்குள்ளதான் இருக்கும்" என்று கையால் தட்டிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. மோட்டார், பம்ப், கியர் பாக்ஸில் பெயர்த் தகடு இருக்கும். பலவற்றில் எடையும் அடித்திருப்பார்கள். இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். கம்பி வாங்கும் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான்: உருட்டுக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 100 மில்லிமீட்டர் ஷாஃப்ட் என்றால் 10,000-ஐ 162-ஆல் வகுக்க, மீட்டருக்கு சுமார் 62 கிலோ. பிளேட்டுக்கு, ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் கட்டை பார்க்கச் சின்னதுதான், எடையோ 390 கிலோவைத் தாண்டும். புதிதாக வருபவர்களின் கண் ஏமாறுவது இந்த மாதிரிக் கட்டைகளில்தான்.

உள்ளே இருப்பதையும் சேர்க்க வேண்டும். ஆயிலை வடிக்காத கியர் பாக்ஸ், தண்ணீர் நின்ற பம்ப் கேஸிங், மண் தட்டாத வார்ப்பு, எல்லாமே தகட்டில் எழுதியதைவிடக் கனக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். டாங்கியில் கால்வாசி தண்ணீர் நின்றாலும் அது ஒரு பக்கமாக ஓடி, தூக்கியதும் சாய்த்துவிடும். வடித்துவிட்டுத் தூக்குங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் ஒரு படி பெரிய பிளாக்கை எடுங்கள். 800 கிலோ என்று தோன்றுவதற்கு ஒரு டன் பிளாக்கை நான் மாட்டுவதில்லை. இரண்டு டன் மாட்டுவேன்.

இனி பிளாக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காதுக்கும் கைக்கும் அது சொல்லும் செய்தி அப்போதுதான் புரியும். கைச்சங்கிலியை இழுத்தால் அந்தச் சக்கரம் ஒரு மரையில் ஏறி, இரண்டு உராய்வு வட்டுகளுக்கு நடுவே ஒரு பக்கமாக மட்டும் சுழலும் ராட்செட் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. ராட்செட்டின் மேல் ஒரு சிறு நாக்கு ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். தூக்கும்போது கேட்கும் டக், டக், டக் சத்தம் அந்த நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டும் சத்தம். கையை விட்டதும் சுமை கீழே இழுக்கும். அந்த இழுப்பே மரையை இறுக்கி, வட்டுகளைப் பிடிக்க வைத்து, நாக்கு பல்லில் பதிந்து சுமையை நிறுத்துகிறது. சுமை எவ்வளவு கனமோ, பிடியும் அவ்வளவு இறுக்கம். நல்ல ஏற்பாடு. இறக்கும்போது சத்தம் வராது, ஏனென்றால் அப்போது நாக்கு பல்லில் பதிந்தே இருக்கிறது. வட்டுகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி இறக்கித் தருகின்றன.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. தூக்கும்போது டக் டக் கேட்கவில்லை என்றால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. அந்த பிளாக்கில் கையை எடுத்தால் சுமையை நிறுத்த ஒன்றும் இல்லை. உடனே இறக்கி ஓரமாக வையுங்கள். இரண்டாவது, பிரேக் வட்டுக்கு எண்ணெய் கூடாது. "கைச்சங்கிலி டைட்டா இருக்கு" என்று மூடி இடுக்கில் எண்ணெய்க் குவளையைக் கவிழ்ப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். எண்ணெய் வேண்டியது சுமை தொங்கும் லோட் செயினுக்கு. கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் இலேசாகத் தடவினால் சங்கிலி பல காலம் உழைக்கும். மூடியைக் கழற்றி உள்ளே கை வைப்பதை, பிளாக்கைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். உராய்வு வட்டை மாற்றி மாட்டினாலோ தலைகீழாக மாட்டினாலோ வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது.

பிளாக்கைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், நான் கேட்டறிந்த விபத்துகளில் பெரும்பாலானவை பிளாக்குக்கு மேலேயோ கீழேயோதான் நடந்தன. மேலே என்றால் எதில் தொங்கவிட்டோம் என்பது. கீழே என்றால் எதைக் கொண்டு கட்டினோம் என்பது.

மேலே இருப்பது வெறும் சுமையின் எடையை மட்டும் தாங்குவதில்லை. சுமை, பிளாக்கின் சொந்த எடை, சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டும் ஸ்லிங், அதோடு நீங்கள் கைச்சங்கிலியில் இழுக்கும் இழுப்பு, எல்லாம் சேர்ந்து அங்கேதான் போகிறது. சிமென்ட் ஷீட் போட்ட ஷெட்டில் மேலே பார்த்தால் கூரையைத் தாங்கும் ஆங்கிள் டிரஸ் தெரியும். கைக்கு எட்டுகிறது, கொக்கி மாட்ட வசதியாகவும் இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியவர் ஷீட்டின் எடைக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டாரே தவிர உங்கள் மோட்டாருக்குப் போடவில்லை. இரண்டு மூட்டுகளுக்கு நடுவில், ஆங்கிளின் வயிற்றில் கொக்கியை மாட்டினால் அது வளையும். ஒரு டிரஸ் வளைந்தால் பக்கத்து டிரஸுக்குப் பாரம் போகும். பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), கேபிள் டிரே, பைப் லைன், ஸ்பிரிங்க்ளர் லைன், இவற்றையெல்லாம் கனவிலும் நினைக்காதீர்கள். ஷெட் கட்டிய இன்ஜினியரிடம் கேட்டு, தூக்குவதற்கென்றே ஒரு கெர்டர் போட்டு, அதன் பக்கவாட்டில் எத்தனை டன் என்று பெயின்ட்டில் பெரிதாக எழுதி வையுங்கள். பட்டறைக்கு ஒருமுறை ஆகும் செலவு அது. நான் போகும் இடங்களில் முதலாளிகளிடம் விடாமல் கேட்பதும் இதைத்தான்.

கெர்டரில் ஓடும் டிராலி இருந்தால், சக்கரம் கெர்டரின் இரண்டு பக்க ஃபிளாஞ்சிலும் (நீட்டிய விளிம்பு) சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அகலத்துக்கு ஏற்ப வாஷர் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெர்டரின் இரண்டு நுனியிலும் ஸ்டாப்பர் கட்டாயம். ஸ்டாப்பர் இல்லாத கெர்டரில் டிராலியைத் தள்ளிக்கொண்டே போனால் ஒரு நாள் டிராலியும் பிளாக்கும் சுமையும் சேர்ந்து வெளியே வரும். டிராலி இல்லாவிட்டால் பீம் கிளாம்ப் போடலாம். பிளாக்கின் மேல் கொக்கியை ஃபிளாஞ்சின் விளிம்பில் நேராக மாட்டுவது தப்பு. அப்போது பாரம் கொக்கியின் நுனியில் விழும். கொக்கி எப்போதும் அதன் வயிற்றில், வளைவின் ஆழத்தில்தான் பாரம் வாங்க வேண்டும், கொக்கியின் வாயில் இருக்கும் பூட்டு நாக்கு முழுதாக மூட வேண்டும். நாக்கு மூட இடமில்லாமல் இரண்டு மூன்று பெல்ட்டைத் திணித்திருந்தால் நடுவில் ஒரு ஷேக்கிளை (பின் போட்டு மூடும் வளையம்) போடுங்கள்.

முக்காலியில் தொங்கவிடும்போது வேறு கவலை. மூன்று காலும் சம தூரத்தில் விரிந்திருக்க வேண்டும், அடியில் மூன்று காலையும் சுற்றிச் சங்கிலியோ கம்பியோ கட்டியிருக்க வேண்டும். வழவழப்பான சிமென்ட் தரையில் அந்தக் கட்டு இல்லாமல் பாரம் ஏற்றினால் கால்கள் வழுக்கிப் பரந்துவிடும். சுமை உச்சிக்கு நேர் கீழே இருக்கட்டும். கைச்சங்கிலியையும் மூன்று கால்களுக்குள் அடங்கும் திசையில் இழுங்கள். வெளியே நின்று சரிவாக இழுத்தால், அந்த இழுப்பே முக்காலியைத் தன் பக்கம் சாய்க்கும். சுமையை ஒரு பக்கமாகத் தள்ளி நகர்த்துவதற்கு முக்காலி ஏற்றதல்ல. கீழே தள்ளுவண்டியையோ உருளையையோ கொண்டு வந்து, நேராக அதன் மேல் இறக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கீழே. பிளாக்கின் லோட் செயினையே சுமையைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் கொக்கியைச் சங்கிலியிலேயே மாட்டுவது இன்னும் நடக்கிறது. ஸ்லிங் தேட சோம்பல்தான் காரணம். அந்தச் சங்கிலி நேராக இழுபட்டு, பாக்கெட் உள்ள சக்கரத்தில் கண்ணி கண்ணியாக உட்காரும்படி செய்யப்பட்டது. மூலையில் மடங்கினால் கண்ணி வளையும். வளைந்த கண்ணி சக்கரத்தில் உட்காராமல் ஒரு நாள் துள்ளும். ஸ்லிங்குக்கு ஸ்லிங், பிளாக்குக்கு பிளாக்.

பெல்ட் ஸ்லிங்கில் நிறம் பார்த்தே திறனைச் சொல்லலாம்: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, சிவப்பு ஐந்து. ஆனாலும் தைத்திருக்கும் லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள். லேபிள் கிழிந்த பெல்ட் கழித்துப் போட்ட பெல்ட். அந்த எண் நேர் இழுப்புக்கு. சுருக்குப் போட்டால் ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரான விளிம்பில் பழைய ரப்பர் ஷீட்டோ, பிளந்த பைப்போ வைத்துத்தான் பெல்ட் போட வேண்டும். பாரம் ஏறிய பெல்ட் விளிம்பில் கொஞ்சம் நழுவினாலும் கத்தி வைத்தது போல அறுந்துவிடும்.

எல்லாரும் தவறவிடுவது கோணத்தை. ஒரு டன் சுமையை இரண்டு காலாகத் தூக்கும்போது, ஒவ்வொரு காலுக்கும் அரை டன் என்று நினைக்கிறோம். இரண்டு காலும் செங்குத்தாக நின்றால்தான் அரை அரை. தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் சாய்ந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 577 கிலோ. 45 டிகிரியில் 707. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு ஆயிரம் கிலோ. அதற்கும் கீழே போனால் இன்னும் ஏறும். அதோடு ஸ்லிங் மாட்டிய இரண்டு ஐபோல்ட்டையும் (தலையில் வளையமுள்ள போல்ட்) உள்நோக்கிப் பிடித்து இழுக்கும். பட்டறையில் கோணமானி தேடிக்கொண்டிருக்க முடியாது, தேவையும் இல்லை. மாட்டும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கால் ஸ்லிங்கும் அந்தத் தூரத்துக்குக் குறையாத நீளம் இருந்தால் கோணம் 60 டிகிரிக்குக் குறையாது. மூன்று பக்கமும் சமமான முக்கோணம், அவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு பையன்கள் குட்டை ஸ்லிங்கைத் தாமாகவே ஒதுக்கிவிடுகிறார்கள்.

மோட்டார் தலையில் இருக்கும் ஐபோல்ட் மோட்டாரை மட்டும் தூக்க. பம்ப்போடும் பேஸ் பிளேட்டோடும் சேர்த்து அதில் மாட்டித் தூக்கினால் மரை பிய்ந்து வரும். ஐபோல்ட்டின் தோள் முகத்தோடு ஒட்டி உட்காரும்வரை திருகியிருக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால்தான் அதற்கு முழுத் திறன், சாய்த்து இழுத்தால் வேகமாகக் குறையும். ஷேக்கிளில் அதற்குரிய பின்தான் வர வேண்டும். பின் தொலைந்துவிட்டது என்று கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டால் அந்த போல்ட் எந்தத் தரம் என்று யாருக்கும் தெரியாது.

கட்டி முடித்ததும் கொக்கி சுமையின் நடு எடைக்கு நேர் மேலே வந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். நடு எடை பெரும்பாலும் நடு நீளத்தில் இருக்காது. மோட்டார் பக்கம் கனம், ஷாஃப்ட் பக்கம் லேசு. சங்கிலி விறைக்கும்வரை இழுத்து நிறுத்துங்கள். மாட்டிய இடங்களை மறுபடி கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு சாண் மட்டும் தூக்குங்கள். நிறுத்துங்கள். இந்த ஒரு சாணில்தான் எல்லாம் தெரியும். சுமை சாய்கிறதா, பெல்ட் நழுவுகிறதா, கெர்டர் முனகுகிறதா, பிரேக் பிடித்து நிற்கிறதா, சொட்டுச் சொட்டாக இறங்குகிறதா. ஒரு சாணிலிருந்து விழுந்தால் சுமைக்கு ஒரு கீறல். ஆறடியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாய்ந்தால் இறக்கி, ஸ்லிங்கை மாற்றிக் கட்டுங்கள். சாய்ந்த பக்கத்தில் ஒரு ஆளை ஏறி நிற்கச் சொல்லிச் சமன் செய்வதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்காதீர்கள்.

இழுப்பவர் சுமைக்குக் கீழேயோ சரியக்கூடிய பக்கத்திலோ நிற்கக் கூடாது. தோல் கையுறை போட்டுக்கொள்ளட்டும், தோளில் துண்டு வேண்டாம். கைச்சங்கிலியை அதன் சக்கரத்தின் தளத்திலேயே நேராக இழுக்க வேண்டும்; குறுக்கே இழுத்தால் சக்கரத்திலிருந்து விலகி மாட்டிக்கொள்ளும். சுமை சுழலாமல் இருக்க ஒரு கயிற்றைக் கட்டி, தள்ளி நின்று பிடிக்க ஒருவர் போதும். பேச்சு ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். "ஏத்து", "நிறுத்து", "எறக்கு" என்று நான்கு பேர் நான்கு பக்கமிருந்து கத்தினால் இழுப்பவன் யார் சொல்லைக் கேட்பான்? ஆனால் "நிறுத்து" மட்டும் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும், டீ கொண்டுவரும் பையன் சொன்னாலும்.

தூக்கியதைத் தொங்கவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. மெஷினுக்கு அடியில் கை விட வேண்டிய வேலை என்றால், முதலில் ஸ்லீப்பர் கட்டையோ ஸ்டாண்டோ வைத்து, அதன்மேல் சுமையை உட்கார வைத்துவிட்டுத்தான். பிளாக் சுமையை ஏற்றி இறக்கும் சாமான். தாங்கி நிற்பது கட்டையின் வேலை. ஆட்களைத் தூக்குவதும் இறக்குவதும் இதன் வேலையே அல்ல. கிணற்றுக்குள் மோட்டார் இறக்கப் போகும்போது அதே கொக்கியில் ஆளும் தொற்றிக்கொண்டு இறங்குவது நம் கிராமங்களில் இன்றும் உண்டு. செய்யாதீர்கள், செய்பவரைப் பார்த்தால் தடுங்கள்.

கிரேன் இல்லாத ஷெட்டில் ஒரு கெர்டரிலிருந்து அடுத்த கெர்டருக்குச் சுமையைக் கொண்டுபோகக் கைமாற்று வேலை செய்வோம். முதல் பிளாக்கில் சுமையைத் தூக்கி நிறுத்தி, இரண்டாவது பிளாக்கின் கொக்கியையும் மாட்டி, இதை இறக்க இறக்க அதை ஏற்றினால் சுமை காற்றில் அந்தப் பக்கம் நகரும். அழகான வேலை, பழகினவர் கையில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பாதிப் பாதி சுமக்கும் என்று சிறிய பிளாக்குகளை எடுத்துவிடக் கூடாது. தொடக்கத்தில் முழு எடையும் முதல் பிளாக்கில், முடிவில் முழு எடையும் இரண்டாவதில். நடுவழியில் இரண்டு சங்கிலியும் சாய்வாக நிற்கும். ஸ்லிங்குக்குச் சொன்ன அதே கோணக் கணக்கு இங்கேயும் வரும். அதனால் ஒவ்வொரு பிளாக்கும் முழு எடையைத் தனியாகத் தூக்கும் திறனுக்கு மேல் இருக்க வேண்டும். சுமை எவ்வளவு தாழ்வாகப் போகிறதோ அவ்வளவு நல்லது: தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் சங்கிலிகள் குறைவாகச் சாயும். டிராலி போட்ட கெர்டரில் இதைச் செய்யாதீர்கள், டிராலியே இழுபட்டு ஓடும். கெர்டரைப் பக்கவாட்டில் இழுக்கிறோம் என்பதும் நினைவில் இருக்கட்டும். மெலிந்த கெர்டர் கீழ்நோக்கித் தாங்கினாலும் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். இரண்டு கைச்சங்கிலிக்கும் இரண்டு ஆள், சொல்ல மூன்றாவதாக ஒருவர்.

கைச்சங்கிலிக்குப் பதில் லீவரை ஆட்டி இழுக்கும் லீவர் பிளாக் வேறு ஜாதி. படுத்த வாக்கில் இழுக்க, பைப் லைனைச் சேர்த்துப் பிடிக்க, குறுகிய இடத்தில் கொஞ்சம் தூக்க நல்லது. அதிலும் ஒரு ஆள் விதிதான். லீவர் நீளமே கணக்குப் போட்டு வெட்டியது. அதில் பைப்பைச் சொருகி நீட்டினால் திறனுக்கு மேல் எவ்வளவு ஏற்றினோம் என்று கைக்குத் தெரியாமலே போகும். உடம்பு எடையைப் போட்டுக் காலால் மிதிப்பதும் அதுவேதான். குமிழை நடு நிலையில் வைத்துச் சங்கிலியைக் கையால் ஓடவிடும் வசதி சுமை இல்லாதபோது மட்டும். கொக்கியில் கொஞ்சமாவது விறைப்பு இருக்கும்போது அந்தக் குமிழைத் தொடக் கூடாது.

இறக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. சுமை தரையைத் தொட்டதும் சங்கிலி தொய்யும். அத்தோடு நிறுத்துங்கள். தொய்ந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், லோட் செயின் இரண்டு சரமாகத் தொங்கும் பெரிய பிளாக்கில் கீழ்க் கொக்கி சரங்களுக்கு நடுவே புகுந்து புரண்டுவிடும். பார்க்க ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும், ஆனால் சங்கிலி முறுக்கேறியிருக்கும். அடுத்த தூக்கலில் முறுக்கிய கண்ணி சக்கரத்துக்குள் போய் மாட்டும். கண்ணிகளின் வெல்டிங் தழும்பு ஒரே வரிசையில் வருகிறதா என்று மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் முறுக்கு தெரிந்துவிடும். புரண்ட கொக்கியைத் திருப்பிச் சரங்களுக்குள் நுழைத்தால் சரியாகும். அதே போலச் சங்கிலி முடியும்வரை கீழே விடாதீர்கள். கடைசிக் கண்ணியைப் பிடித்திருக்கும் பின் சுமை தாங்க வைத்ததல்ல.

தினமும் பார்க்க வேண்டியது ஐந்து நிமிஷ வேலை. கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா? கொக்கி புதிதாக இருக்கும்போதே வாயின் இரு பக்கமும் பஞ்ச் அடித்து, இடைவெளியை அளந்து எழுதி வைத்தால் பிறகு சந்தேகம் வராது. விரிந்த கொக்கி என்றால் யாரோ அதிக எடை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொக்கியை மட்டும் மாற்றிப் பயனில்லை, பிளாக் முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கொக்கியைச் சூடாக்கி அடித்துச் சேர்ப்பதோ வெல்டு வைப்பதோ கூடவே கூடாது. சங்கிலிக் கண்ணி, கம்பி கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலோ, நீண்டாலோ, வெட்டுக்காயம் விழுந்தாலோ சங்கிலி போய்விட்டது. செயின் பிளாக்கின் சங்கிலி பெரும்பாலும் கிரேடு 80 கலவை எஃகு, சூடேற்றிக் குளிரவைத்துப் பதம் கொடுத்தது. கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரணச் சங்கிலித் துண்டை அதில் ஒட்டுப்போட்டால் ஒட்டுதான் அறும். வெல்டிங் நடக்கும் இடத்தில் எர்த் கம்பி சரியாக மாட்டாவிட்டால் மின்சாரம் சங்கிலி வழியாக ஓடி, கண்ணிகள் தொடும் இடத்தில் சுட்டுவிடும். ஃபவுண்டரியில் உலைப் பக்கம் பிளாக்கைத் தொங்கவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆசிட் தொட்டி உள்ள இடத்தில் இந்தச் சங்கிலி வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடையும்.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தரத்தின்படி செய்ததா என்று கேளுங்கள், வரிசை எண்ணோடு டெஸ்ட் சர்டிபிகேட் வாங்குங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவில், தூக்கும் சாமான்கள் அனைத்தையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், பாதுகாப்பான எடையைச் சாமானிலேயே தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று வைத்தது. பத்து பேர் வேலை செய்யும் இடத்துக்கும் அந்த வழக்கம் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பிளாக்குக்கு ஒரு நம்பர், வாங்கிய தேதி, கொக்கி அளவு, சங்கிலி அளவு, பார்த்தவர் கையெழுத்து.

கழித்த பிளாக்கை மூலையில் போடாதீர்கள். அவசரத்துக்கு என்று யாராவது தூசியைத் தட்டி எடுத்து வந்து மாட்டிவிடுவார்கள். "ரிப்பேர்" என்று சாக்பீஸில் எழுதினால் ஒரு வாரத்தில் அழிந்துவிடும். கழிக்க வேண்டும் என்று முடிவானதும் அன்றே கட்டிங் வீலை எடுத்து இரண்டு கொக்கியையும் அறுத்து, லோட் செயினைப் பல துண்டாக வெட்டி, அதற்குப் பிறகுதான் பழைய இரும்புக்குப் போட வேண்டும். முதலாளி விலையைச் சொல்லித் தயங்கினால், சங்கிலி வெட்டுவதை அவர் கண் முன்னாலேயே செய்யுங்கள்.